ஒரு சீமாட்டியின் உடைமை!

"ஒரு சீமாட்டியின் உடைமை" - இப்படி ஒரு வரி, இங்கிலாந்து நாட்டு ஏலக்கூடங்கள் வெளியிடும் பொருட்பட்டியல்களிலே நெடுங்காலமாக நிலவி வருகிறது. வைர அட்டிகையின் படம். பக்கத்திலே மதிப்பு விலை. மேலே இந்த வரி! எந்தச் சீமாட்டி? எந்த ஊர்? எதற்காக விற்கிறார்? பட்டியல் வாய் திறவாது. பெயர் வெளிப்பட்டால், பெருங்குடி ஒன்றின் பேழை காலியாகி வரும் சேதி ஊரறியப் பரவிவிடும் அல்லவா? ஆகவே, பெயரை மறைத்துப் பெருமையை மட்டும் காட்டும் திரை அது. 1744இல் தோன்றிய சோத்பி, 1766இல் தோன்றிய கிறிஸ்டி ஆகிய பேர்பெற்ற கூடங்களுக்கும் பழக்கமான திரைதான்.

அந்த வரியிலே 'உடைமை' என்ற சொல்தான் என்னைப் பிடித்து நிறுத்திற்று. சீமாட்டி, சரி. பொன்னும் மணியும், சரி. உடைமை - உண்மைதானா?

தென் இங்கிலாந்தின் சிறு நகரமொன்றிலே, பழம் அணிகலன்களும் விந்தைப் பொருள்களும் ஊர்க்காட்சிப் படங்களும் ஏலத்துக்கு வந்தபோது, முதல்நாள் பார்வைக்குச் சென்றிருந்தேன். ஏலத்துக்கு முன்பு எவரும் வரலாம். எதையும் கேட்டுக் கையில் வாங்கிப் பார்க்கலாம். காசு கேட்பாரில்லை, குலம் கேட்பாரில்லை. (நம் நாட்டிலே, பழம்பெருஞ் சிற்பங்களை அருகே நின்று காணவும் இன்ன குலத்தார்க்கே உரிமை என்று வாயிலில் வழிமறித்த நாள்களை எண்ணிக்கொண்டேன்.) கண்ணாடிப் பேழையிலே நகைகள். பக்கத்து மேசையிலே விந்தைப் பொருள்கள்: பொடி டப்பிகள், சிப்பியில் செதுக்கிய முகங்கள், இந்தியக் காட்டிலே வீழ்ந்த புலியின் நகத்தைப் பொன்னிலே பொருத்திய மார்பு ஊசி. புலியைச் சுட்டவர் ஒரு துரை. ஊசியை அணிந்தவர் துரைசானி. பொன்னை வளைத்தவர் நம் நாட்டுத் தட்டார். பட்டியலிலே மூவரில் ஒருவர் பெயருமில்லை. 'புலி நகம்' என்று மட்டும் இருந்தது. புலிக்காவது அந்தப் பெருமை கிடைத்ததே!

பொறுப்பிலிருந்த முதியவர், மெல்லிய பொன் மோதிரம் ஒன்றை உருப்பெருக்கியின் கீழே வைத்துக் காட்டினார். உட்புறத்திலே பொடிப்பொடியாய் முத்திரைகள். சிறுத்தைத் தலை, இலண்டனிலே சோதிக்கப்பட்டது என்பதற்கு. ஓர் எழுத்து, ஆண்டுக்கு. இரண்டெழுத்து, செய்த பட்டறைக்கு. எண், பொன்னின் மாற்றுக்கு. 1300ஆம் ஆண்டிலே, முதலாம் எட்வர்டு மன்னன் காலத்துச் சட்டத்தில் வேர்கொண்ட முறை இது. 15 காரட் என்ற முத்திரை இருந்தால் 1854க்கும் 1932க்கும் இடைப்பட்டது என்று தயங்காமல் கூறலாமாம். அந்த மாற்று அந்நாட்டிலே சட்டப்படி செல்லுபடியான காலம் அவ்வளவே. பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, பெற்றவன் பெயர் - மோதிரத்துக்கு எல்லாம் உண்டு! அறுபது ஆண்டுகள் அதை விரலிலே தாங்கித் துணி வெளுத்து, அடுப்பூதி, அந்த முத்திரையையே தேய்த்து மழுக்கியவளைப் பற்றி ஒரு கீறலும் இல்லை.

அடுத்த தட்டு முழுதும் கருமை. கறுப்பு வளையல், கறுப்பு மாலை, கறுப்புப் பதக்கம். யார்க்சயர்க் கடற்கரையிலே விட்பி என்றோர் ஊர். அங்கே பாறைகளினூடே கிடைப்பது ஜெட். பல கோடி ஆண்டுகட்கு முன் மண்ணில் புதைந்து இறுகிய மரம் அது. 1861இல் கணவன் ஆல்பர்ட்டை இழந்த விக்டோரியா அரசி, 1901இல் தாம் மறையும்வரை துக்க உடையைக் களையவில்லை. அரசி கறுப்பணிந்தால் அமைச்சர் மனைவி அணியாதிருப்பாரா? அமைச்சர் மனைவி அணிந்தால் கடைக்காரர் மனைவி? விட்பியிலே பட்டறைகள் பெருகின. ஆடவரும் சிறுவருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கருங்கல்லைக் கடைந்து வயிறு வளர்த்தனர். இறந்தவரின் தலைமுடியைப் பின்னிக் கண்ணாடிக்குள் அடைத்த பதக்கங்களும் அத்தட்டிலே கிடந்தன. இங்கே கைம்பெண்ணின் அணியைப் பறித்தார்கள். அங்கே கைம்பெண்ணுக்கென்றே அணி செய்து விற்றார்கள்! மனைவியை இழந்த ஆடவன் சில திங்களிலே கறுப்பைக் கழற்றலாம். கணவனை இழந்தவளோ இரண்டாண்டும் அதற்கு மேலும் சுமக்க வேண்டும். நாகரிகத்தின் தலைநகர் என்று நாம் நம்பவைக்கப்பட்ட நாட்டின் நடைமுறை இது.

இனி, அந்த 'உடைமை'க்கு வருவோம்.

1882ஆம் ஆண்டிலே, மணமான மாதரின் சொத்துரிமைச் சட்டம் இயற்றப்படும்வரை, இங்கிலாந்தின் பொதுச் சட்டம் என்ன கூறிற்று? மணவறையிலிருந்து வெளிவந்ததும் மங்கையின் பணமும் பண்டமும் கணவனுடையவை. சட்டத்தின் கண்ணிலே கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் கணவன்! உடையும் நகையும் மட்டும் சற்றே வேறுபட்டவை. எப்படி வேறுபட்டவை? அவற்றைக் கணவன் தன் உயிலிலே பிறர்க்கு எழுதி வைக்க முடியாது. ஆனால், உயிரோடிருக்கும்போது விற்கலாம், அடகு வைக்கலாம், எடுத்து எவருக்கும் கொடுக்கலாம். அவன் கடன்பட்டு இறந்தால் கடன்காரர் வந்து கழுத்தணியைக் கேட்கலாம். அதாவது, கணவன் செத்தால்தான், அதுவும் கடனின்றிச் செத்தால்தான், அவள் கழுத்தில் கிடந்தது அவளுடையது! செல்வக் குடியினர் மட்டும், மகளின் பங்கை மருமகன் விழுங்காதபடி, காப்பாளர்களை அமர்த்திப் பத்திரம் எழுதித் தப்பினர். பத்திரத்துக்கு வழக்கறிஞர் வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும். ஏழைக்கு ஏது?

கரோலைன் நார்ட்டன் என்ற எழுத்தாளர் கணவனைப் பிரிந்து வாழ்ந்தார். நூல் எழுதிப் பொருள் ஈட்டினார். எழுதியவர் அவர், ஈட்டியது கணவனுக்கே உரியது என்றது சட்டம். அவர் வெகுண்டெழுந்து அறிக்கைகள் எழுதினார். அரசிக்கே 1855இல் திறந்த மடல் விடுத்தார். 1870இல்தான் மனைவி உழைத்துப் பெற்ற ஊதியம் மனைவிக்கே என்ற அளவுக்குச் சட்டம் இறங்கி வந்தது. பிறகு 1882. ஆகவே, அதற்கு முற்பட்ட நகையின் மேலே 'ஒரு சீமாட்டியின் உடைமை' என்று பொறித்திருந்தால், இன்று விற்பவருக்கு அது பொருந்தலாம். அன்று அணிந்தவருக்குப் பொருந்தாது.

உடைமை என்றால் எப்படியிருக்கும் என்பதை அதே கூடத்தின் மறுசுவரிலே கண்டேன். ஊர்க்காட்சிப் படங்கள்! லியோனார்டு நிஃப் வரைய, ஜான் கிப் செப்புத்தகட்டிலே செதுக்கி, 1707இல் வெளிவந்த பெருந்தொகுப்பின் தனித்தாள்கள். பருந்து வானில் நின்று பார்ப்பதுபோல், மாளிகை. அதைச் சுற்றிப் பூங்கா. பூங்காவைச் சுற்றித் தோப்பு. தோப்புக்கப்பால் வயல், வயல், வயல்! கீழே எழுத்திலே ஊர்ப் பெயர், கோட்டத்தின் பெயர், அவற்றோடு உரிமையாளரான கோமான் பெயர். குலச்சின்னமும் உண்டு. வயலிலே எறும்பினும் சிறிய உருவங்கள் சில, உழைப்போர். மாளிகையின் பருமனைக் காட்ட ஓர் அளவுகோல் வேண்டுமே, அதற்காக அவர்கள்!

இந்தத் தாள்கள் தனித்தனியே சுவரிலே தொங்குவானேன்? நூலாக இருந்தால் ஒருவர்க்கே விற்கலாம். பிரித்தெடுத்தால் எண்பது பேருக்கு விற்கலாம். தையலை அறுத்துத் தாள்களை உருவிச் சட்டமிட்டு விற்பது அந்த வணிகத்திலே பழைய கதை. நூல் மாண்டால் படம் பிழைக்கும். வண்ணம் பூசியவர்கள் யார் என்பதோ வேறு கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பட்டறைகளிலே, பெண்களும் சிறுவர்களும் வரிசையாக அமர்ந்து, ஒருவர் வானத்துக்கு நீலம், அடுத்தவர் மரத்துக்குப் பச்சை என்று பூசித் தள்ளினர். படத்தின் அடியிலே வரைந்தவர் பெயர் உண்டு. செதுக்கியவர் பெயர் உண்டு. நீலம் பூசியவள் பெயர் மட்டும் இல்லை.

அவற்றுக்கிடையே மதுரை! ஆம், நம் மதுரை. தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1792இல் தென்னாட்டிலே அலைந்து தீட்டியவை, பின்னர் இலண்டனிலே 144 படங்கள் கொண்ட பெருவரிசையின் பகுதியாக வந்தன. நாயக்கர் அரண்மனையின் இடிபாடு அதிலொன்று. அழகு, மறுப்பதற்கில்லை. கோமானின் மாளிகைக்கு உரிமையாளர் பெயர் உண்டு. நம் அரண்மனைக்கோ 'மதுரையின் இடிபாடு' என்ற விளக்கம் ஒன்றே.

திரும்பும்போதுதான், நகைப் பேழையின் கடைக்கோடியில் அதைக் கண்டேன். பாம்படம்! ஓர் இணை. உருண்டையும் கட்டமும் முக்கோணமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பொன்வேலை. 'தென்னிந்தியக் காதணி, சிற்பம் போன்ற வடிவமைப்பு, 19ஆம் நூற்றாண்டு' என்று எழுதியிருந்தது. சிற்பமாம்! அருகே நின்ற ஒருவர், இக்கால ஓவியர் எவரோ வகுத்ததுபோல் இருக்கிறது என்று வியந்தார். வியக்கட்டும். அது தொங்கிய காதை அவர் கண்டதில்லை.

நான் கண்டிருக்கிறேன். பச்சிளம் பருவத்திலேயே காதைக் குத்தி, துளையிலே பஞ்சைத் திணித்து, பிறகு குணுக்கு என்னும் ஈயத்தைத் தொங்கவிட்டு, தோளைத் தொடுமளவுக்குக் காது வளர்த்தார்கள் எங்கள் பக்கத்திலே. வளர்ந்த காது பெருமை. வளராத காது ஏளனம். பின்னர் காலம் மாறிற்று. நீண்ட காது ஏளனமாயிற்று. அறுத்துத் தைத்துக் குட்டையாக்கிக் கொண்டனர். என் அப்பத்தா தைத்துக் கொள்ளவில்லை. காது தொங்கியது, பாம்படம்தான் இல்லை.

எங்கே போயிற்று? தாத்தா கிணறு வெட்டினார். பாறை கண்டது, பணம் போதவில்லை. "ஆறே மாதம், மீட்டுவிடலாம்" என்று பாம்படம் வட்டிக்கடைக்குச் சென்றது. மழை பொய்த்தது, வட்டி வளர்ந்தது, நகை மூழ்கிவிட்டது. கடைக்காரர் ஏலம் போட்டார். அங்கே பட்டியல் இல்லை, பார்வை நாள் இல்லை, 'சீமாட்டி' என்ற மரியாதையும் இல்லை. எடை போட்டார்கள், அரக்கைக் கழித்தார்கள், உலையில் இட்டார்கள். நம் நாட்டிலே பாம்படங்களில் மிகப் பல இப்படி உருகிப்போனவையே. எஞ்சியவை அருமையாகியதால்தான் அயல்நாட்டிலே விலை. கிணற்றிலே பிறகு நீர் ஊறிற்று. நிலமும் கிணறும் தாத்தாவின் பெயரிலே இருந்தன. மகன்கள் பங்கிட்டுக் கொண்டனர். தாத்தாவின் பெயரால்தான் இன்றும் அது வழங்குகிறது. அதை 'அப்பத்தா கிணறு' என்று சொன்னவர் எவருமில்லை. பெண்ணுக்கும் சொத்திலே சமபங்கு என்று 1929இலேயே செங்கற்பட்டு மாநாட்டிலே தீர்மானித்தார்கள். சட்டமாக வந்து சேர 1989 ஆயிற்று. அதிலும், அவ்வாண்டு மார்ச்சு 25க்கு முன்பே மணமான மகளிருக்குப் பங்கில்லை. வரம்பை 2005ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம்தான் நீக்கிற்று. என் அத்தைமார் இருவரும் பழைய வரம்புக்கு உள்ளே அகப்பட்டவர்கள். "காதிலே போட்டு அனுப்பினோமே, போதாதா?" என்றார்கள் ஊரார்.

மறுநாள் ஏலம். சுத்தியல் விழும் விலையோடு முடிவதில்லை கணக்கு. 1975இலே பெருங்கூடங்கள் இரண்டும் வாங்குபவரிடமும் நூற்றுக்குப் பத்து தரகு கேட்கத் தொடங்கின. இன்று அது பல கூடங்களிலே இருபதையும் தாண்டிவிட்டது. விற்பவரிடமும் தரகு, வாங்குபவரிடமும் தரகு! மாளிகைப் படத்துக்கு நால்வர் போட்டியிட்டனர். மதுரையை ஒரு படக்கடைக்காரர் எடுத்தார். கறுப்பு நகைத் தட்டை எவரும் கேட்கவில்லை. துக்கத்துக்கு இப்போது கிராக்கி குறைவாம்.

பாம்படத்துக்குக் கூடத்திலே கை உயர்த்தியவர் ஒருவர், தொலைபேசியிலே ஒருவர். ஏறினார்கள், ஏறினார்கள், கூடத்திலிருந்தவர் தலையசைத்து அமர்ந்தார். சுத்தியல் விழுந்தது. எல்லாமாக ஒரு நிமிடம் இருக்கும். அடுத்த இலக்கம், வெள்ளிக் கரண்டிகள் ஆறு.