அவரு இருபத்தஞ்சு வருஷமா குடிக்கிறாரு, எனக்கு மட்டும் ஏன் சார்?

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையா படிங்க. நான் செஞ்ச ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, திருமங்கலம் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு அக்கா ஓபிக்கு வருவாங்க. வயசு நாற்பத்தஞ்சு இருக்கும். சித்தாள் வேலை. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

"நெஞ்செரிச்சல் சார். சோறு எறங்க மாட்டேங்குது. கை காலெல்லாம் அசதி."

காலை ஓபியில வரிசை வாசலைத் தாண்டி நிக்கும். ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெரிசு. கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. நம்ம நாட்டுல பாதிக்கு மேல பெண்களுக்கு ரத்தசோகை இருக்கு, இதுவும் அதுதான்னு நினைச்சேன். இரும்புச்சத்து மாத்திரை, வயித்து எரிச்சலுக்கு மாத்திரை, பி காம்ப்ளக்ஸ். சீட்டில் "கெட்ட பழக்கம்: இல்லை" என்று எழுதினேன்.

கேட்டு எழுதவில்லை. கேட்காமலே எழுதினேன்.

அதே தொந்தரவோட ஒரு ஆண் வந்திருந்தா என் முதல் கேள்வியே "தண்ணி அடிப்பீங்களாண்ணே?" என்பதுதான். பெண் என்பதால் அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. மூணு தடவை வந்தாங்க. மூணு தடவையும் அதே மாத்திரை.

நாலாவது தடவை வந்தப்போ கண்ணு மஞ்சள். கால் வீக்கம். வயிறு நிறைமாசம் மாதிரி. ஊர்ப்பக்கம் மகோதரம்னு சொல்வாங்களே, அது. ஸ்கேன் பண்ணினா கல்லீரல் சுருங்கி, முடிச்சு முடிச்சா கிடக்கு. சிரோசிஸ். மஞ்சள் காமாலை வைரஸ் பரிசோதனை எல்லாம் நெகட்டிவ். சுகரும் இல்லை.

காரணம் புரியாம நான் நின்னுக்கிட்டிருந்தேன். வார்டு சிஸ்டருக்கு என் அம்மா வயசு. அந்த அக்காவோட வீட்டுக்காரரை "போய் டீ வாங்கிட்டு வாங்கய்யா"ன்னு அனுப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, கட்டில்ல உக்காந்து மெதுவா கேட்டாங்க.

"ஒடம்பு வலிக்கு ஏதாச்சும் எடுத்துக்குவியா ஆத்தா?"

எட்டு வருஷமா. நாள் முழுக்க செங்கல் சுமந்துட்டு வந்தா ராத்திரி இடுப்பு வலியில தூக்கம் வராது. வீட்டுக்காரர் வாங்கிட்டு வர்ற குவார்ட்டர்ல பாதி. தினமும் ஒரு கட்டிங். அதுக்கு மேல மெடிக்கல்ல வாங்குற வலி மாத்திரை.

சொல்லி முடிச்சிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "அவரு இருபத்தஞ்சு வருஷமா குடிக்கிறாரு. கல்லு மாதிரி இருக்காரு. எனக்கு மட்டும் ஏன் சார்?"

நியாயமான கேள்வி. அன்னைக்கு அவங்களுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்றேன்.

முதல் காரணம், தண்ணீர். கடையில விக்கிற பிராந்தி, ரம்மில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டர்னா சுமார் 60 கிராம். பாதி கட்டிங்னா 30 கிராம். குடிச்ச ஆல்கஹால் உடம்பில் இருக்கிற தண்ணீரில்தான் கலக்கும். ஆண் உடம்பில் தோராயமா 60 சதவீதம் தண்ணீர், பெண் உடம்பில் 50 சதவீதம். பெண்ணுக்குக் கொழுப்பு கொஞ்சம் கூட, கொழுப்பில் ஆல்கஹால் அவ்வளவா கலக்காது. 70 கிலோ ஆணுக்கு 42 லிட்டர் தண்ணீர், 45 கிலோ பெண்ணுக்கு இருபத்திரெண்டரை லிட்டர். ஒரே அளவு உப்பை அண்டாவிலும் குடத்திலும் போட்டா எது கரிக்கும்? அதே கட்டிங், அந்த அக்கா ரத்தத்தில் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ரெண்டு பேரும் ஒரே எடையா இருந்தாலும் பெண்ணுக்குத்தான் கூட ஏறும்.

ரெண்டாவது, இரைப்பை. ஆல்கஹாலை உடைக்கிற ஒரு நொதி இரைப்பைச் சுவரிலேயே இருக்கு. ரத்தத்துக்குப் போறதுக்கு முன்னாடியே கொஞ்சத்தை அது காலி பண்ணிடும். பெண்களுக்கு இந்த நொதியின் வேலை பொதுவா குறைவு. வெறும் வயித்துல குடிச்சா இந்தச் சின்னப் பாதுகாப்பும் போச்சு.

மூணாவது, கல்லீரல். குறைஞ்ச அளவு, குறைஞ்ச வருஷம் குடிச்சாலே பெண்களோட கல்லீரல் பழுதாகிடுது. சரியான சாப்பாடு இல்லாம, கூடவே பாராசிட்டமால் மாத்திரையும் இஷ்டத்துக்குப் போட்டா இன்னும் மோசம்.

கல்லீரல் மட்டும் இல்ல. மது புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே சொல்லிடுச்சு. மது வரவைக்கிற புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயும் ஒண்ணு. ஆல்கஹால் ஈஸ்ட்ரோஜன் அளவை ஏத்திவிடுது. கொஞ்சமா குடிக்கிறவங்களுக்கும் ஆபத்து கூடுது. ஒயினா இருந்தாலும் பீரா இருந்தாலும் உள்ளே இருக்கிறது அதே ஆல்கஹால்தான். கர்ப்பத்தில் குடிச்சா நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு நேரா போகும். அதை உடைக்க அந்தப் பிஞ்சு கல்லீரலுக்குத் தெம்பு கிடையாது. "இவ்வளவு குடிச்சா பரவாயில்ல"ன்னு ஒரு அளவே இல்லைன்னு 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவா சொல்லிடுச்சு.

இதைச் சொல்லிட்டிருக்கும்போதே டீயோட வந்து நின்ன வீட்டுக்காரர் கேட்டார்: "அப்ப ஆம்பளைக்கு ஒண்ணும் ஆகாதா சார்?"

"ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தாண்ணே டிக்கெட் எடுத்திருக்கீங்க. அவங்க பைபாஸ் ரைடர்ல போயிட்டாங்க. நீங்க எல்லா ஸ்டாப்பிலயும் நிக்கிற வண்டியில வர்றீங்க. அவ்வளவுதான்."

சிரிக்கல அவர். டீயைக் கீழ வச்சிட்டார்.

அந்த அக்காவை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குடியை விட்டுட்டாங்க. வயித்துல நீர் வத்தியிருக்கு. இப்பவும் மாசாமாசம் மாத்திரைக்கு வர்றாங்க. ஆனா முடிச்சு விழுந்த கல்லீரல் பழையபடி திரும்பாது. முதல் நாளே நான் கேட்டிருந்தா அந்த மாசங்கள் மிச்சமாகியிருக்கும். அது என் மனசை விட்டுப் போகாது.

இது "பொம்பள குடிக்கலாமா"ன்னு கலாச்சாரம் பேசுற பதிவு இல்ல. அந்தப் பேச்சுதான் அவங்க வாயை அடைச்சது. என் வாயையும். "கேட்டா என்ன நினைப்பாங்க"ன்னு நான் இருந்தேன். "சொன்னா என்ன நினைப்பாங்க"ன்னு அவங்க இருந்தாங்க. நடுவுல கல்லீரல் போச்சு.

மூணே விஷயம் மனசுல வச்சுக்கோங்க.

டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. வீட்டு ஆள் முன்னாடி சொல்ல முடியலைன்னா "தனியா பேசணும்"னு கேளுங்க. அது உங்க உரிமை.

தினமும் குடிக்கிறவங்க வைராக்கியத்துல ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தாதீங்க. ரெண்டு மூணு நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரியுறது வரலாம். ஊருல அதைக் காத்து கருப்புன்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அது உயிரையே எடுக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வாங்க, மருந்தோட பாதுகாப்பா நிறுத்தலாம். வேறு எதுக்காவது அட்மிட் ஆனாலும் இந்தப் பழக்கத்தை முதல்லயே சொல்லிடுங்க.

பேசத் தயக்கமா இருந்தா 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், அரசு சேவை, இலவசம். குடியை விட 14446ம் இருக்கு.

இப்பல்லாம் என் ஓபியில ஆணோ பெண்ணோ, எல்லாரையும் ஒரே கேள்வி கேக்குறேன். சில பெண்கள் கோபப்படுவாங்க. பரவாயில்ல, திட்டு வாங்கிக்கிறேன்.

சில பேர் மட்டும் கதவைத் திரும்பிப் பார்ப்பாங்க. உடனே நான் கூட வந்தவரை டீ வாங்க அனுப்பிடுவேன்.