ஏணியில் தொடங்கும் ஆபத்து

ஓ.பி. வேன் ஒன்று தெருமுனையில் வந்து நின்று, கூரையில் மடங்கிக் கிடந்த டிஷ் மெல்ல எழுந்தால் போதும், கூடுகிற கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், இதுலேர்ந்து ரேடியேஷன் வருமா? பக்கத்துல நிக்கலாமா?" வரும், ஆனாலும் நிற்கலாம். இந்த இரண்டு பதில்களும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும் என்பதை அளந்து எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. செய்தி சேனல் வண்டிகளில் அப்லிங்க் இன்ஜினீயராக இருந்து, பிறகு அந்த வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் பக்கம் வந்தவன் நான்.

எங்கள் டிஷ் வானுக்கு அனுப்பும் அலை கே.யூ. பேண்ட், சுமார் 14 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் 21 மில்லிமீட்டர். எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் வலு இதற்கு இல்லை. இது செய்யக்கூடியது சூடேற்றுவது. அந்தச் சூடும் பெரும்பாலும் தோலிலேயே, சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் தங்கிவிடும். ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் கண்ணும் விதைப்பையும் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்ற முடியாதவை. அதனால் அவற்றின் மேல்தான் கூடுதல் கவனம். இந்த அலைவரிசையில் சர்வதேச வரம்பு, பொதுமக்களுக்குச் சதுர மீட்டருக்கு 10 வாட். பயிற்சி பெற்ற பணியாளருக்கு 50 வாட். கைபேசிக் கோபுரங்களுக்கு மட்டும் இந்தியா 2012-இல் சர்வதேச வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அந்த எண்ணைப் படித்தவர்கள் வண்டியைப் பார்த்ததும் அதையே கேட்பார்கள், கேட்பதில் தவறில்லை.

முதலில் காகிதக் கணக்கு. அமெரிக்காவின் எஃப்.சி.சி. 1997-இல் வெளியிட்ட ஓ.இ.டி. 65 கையேட்டின் சூத்திரங்களே எனக்குக் கைவசமானவை. 1.2 மீட்டர் டிஷ், அதற்கு அலையை ஊட்டும் ஃபீடுக்கு வந்து சேருவது 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். டிஷ்ஷின் முகப்பில் உச்ச அளவு சதுர மீட்டருக்கு 700 வாட்டைத் தாண்டும். கிளம்பும் கற்றை உடனே விரிந்துவிடாது. முதல் 17 மீட்டர்வரை ஏறத்தாழ டிஷ்ஷின் அகலத்துக்கே உருளையாகப் போகும். அதற்குள் 460 வாட்வரை எதிர்பார்க்கலாம். 41 மீட்டர் தாண்டிய பிறகே தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விறுவிறுவெனக் குறையும். கற்றையின் நடுக்கோட்டிலேயே போனால், பொதுமக்களுக்கான 10 வாட்டுக்கு இறங்க 182 மீட்டர் ஆகிறது.

இதில் எந்த வாட்டை எடுப்பது என்பதில்தான் கணக்குப் போடுபவரின் நேர்மை இருக்கிறது. "நாங்க நாப்பது வாட்டுக்கு மேல போறதே இல்ல சார்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் மழை பிடித்துக்கொண்டால், சிக்னலைக் காப்பாற்றக் கை தானாகவே பவரைக் கூட்டும். சில வண்டிகளில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் சேர்த்து இரட்டிப்புச் சக்தியை எடுக்க வசதி இருக்கும். பழக்கத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கருவியால் எவ்வளவு தர முடியுமோ, அதில் அலையை டிஷ்ஷுக்குக் கொண்டுபோகும் வேவ்கைடு குழாயில் இழக்கும் அளவை மட்டும் கழித்துக்கொள்வேன்.

சரி, 182 மீட்டர். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் தெருவையே காலி செய்யச் சொல்லத் தோன்றும். ஆனால் அது டிஷ் பார்க்கும் திசையில் உள்ள தூரம். சென்னையிலிருந்து 83 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-30 செயற்கைக்கோளைப் பிடிக்க வேண்டுமானால் தெற்கிலிருந்து சற்றே கிழக்கே திரும்பி, 74 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். வண்டியிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் தலைக்கு மேல் கற்றை 35 மீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அலங்காநல்லூர் வாடிவாசல் பக்கம் நிறுத்தினால் கோணம் இன்னும் நிமிர்ந்து 77 டிகிரி ஆகும். இதே வேலையை லண்டனில் செய்பவர் 28.2 டிகிரி கிழக்குச் செயற்கைக்கோளை வெறும் 25 டிகிரியில் பார்க்கிறார். 10 மீட்டர் தள்ளி அவருடைய கற்றை டிஷ்ஷிலிருந்து ஐந்து மீட்டர்கூட ஏறியிருக்காது. எதிர்வீட்டு மாடி ஜன்னல் அவருக்குக் கவலை. அங்கே எழுதிய கையேட்டை இங்கே அப்படியே ஒட்டினால் வேண்டாத இடத்தில் பயமும், வேண்டிய இடத்தில் அசட்டையும் வந்து சேரும்.

ஆனாலும் தெற்குப் பக்கம் நடந்து பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. வண்டியை ஒட்டியே நெடுநெடுவென்று ஒரு கட்டடம், பால்கனியோடு சாய்ந்து வந்தாற்போல் நிற்கலாம். மேம்பாலமோ மெட்ரோ பாதையோ தலைக்கு மேல் போகலாம். திருவிழாக் கூட்டத்துக்கு உயரம் கண்ட இடமெல்லாம் இருக்கைதான். டிஷ்ஷைக் கண்ணால் பார்த்துத் திசையை முடிவு செய்யவும் கூடாது. வண்டிகளில் பெரும்பாலும் ஆஃப்செட் டிஷ்தான். அதன் முகம் காட்டுவதைவிடக் கற்றை இருபது டிகிரிக்கு மேல் நிமிர்ந்து போவது சாதாரணம். கன்ட்ரோலர் திரையில் தெரியும் கோணத்தையே நம்ப வேண்டும்.

பக்கவாட்டில் என்ன நிலை? கற்றையின் மையத்திலிருந்து டிஷ்ஷின் ஒரு விட்டம் அளவுக்கு விலகினாலே அளவு நூறில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறையும் என்கிறது அதே கையேடு. 460 வாட் 4.6 ஆகிவிடும். தரையில் நிற்பவருக்கு வருவது அதைவிடச் சொற்பம்.

இதைக் காகிதத்தோடு விடாமல் மீட்டரால் சரிபார்க்க வேண்டும். பெரிய ரேஞ்சில் வைத்துத் தூரத்திலிருந்து நெருங்கி வருவேன். நேராகக் கற்றைக்குள் நீட்டினால் புரோப் கருகிவிடும். தலை, மார்பு, இடுப்பு உயரங்களில் தனித்தனியே அளப்பேன். தெர்மோகப்பிள் புரோபுக்கு வெயில் ஆகாது. காட்டிக்கொண்டிருந்த சுழியே நகர்ந்துவிடும். நிழலில் வைத்து மறுபடி சுழியாக்கித்தான் எழுதுவேன். தகரக் கொட்டகையோ இரும்புப் பலகையோ அருகிலிருந்தால் பிரதிபலித்த அலை சேர்ந்து, மோசமான புள்ளியில் நான்கு மடங்காகலாம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிஷ் வரும் வழியில் உள்ள ஃப்ளெக்சிபிள் வேவ்கைடும் அதன் ஃபிளாஞ்சுகளும் தனிச் சோதனைக்குரியவை. டிஷ் ஏறி இறங்கும்போதெல்லாம் வளைவது அந்தத் துண்டுதான். விரிசல் விடுவதும் அதுவே.

இத்தனை அளந்த பிறகும் ஆபத்து மிஞ்சுவது கூரையில்தான். ஃபீட் ஹார்னின் வாய் 7 சென்டிமீட்டர் அகலம் என்றால், 200 வாட் முழுவதும் அந்த வட்டத்தின் வழியாக வெளியேறுகிறது. சதுர மீட்டருக்குச் சராசரி 52,000 வாட். பொது வரம்பைப் போல ஐயாயிரம் மடங்கு. அங்கே முகத்தைக் கொண்டுபோகும் ஆள் யார்? வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. லைவ் போய்க்கொண்டிருக்கிறது, தூறல் விழுகிறது, ஸ்டுடியோவிலிருந்து "சிக்னல் இறங்குது" என்று போன் வருகிறது. "அண்ணே, ஃபீட்ல தண்ணி நிக்குது, ஒரு நிமிஷத்துல தொடச்சிட்டு வந்துடறேன்" என்று துணியோடு ஏணியில் கால் வைக்கிறானே, அந்தத் தம்பி. அலைக்கு மணமில்லை, சத்தமில்லை. தோல் சுடுவதை உணர்வதற்குள் கண் நெருங்கியிருக்கும்.

அதனால் என் அறிக்கையின் முதல் பக்கத்தில் 182 மீட்டர் இருக்காது, ஏணி இருக்கும். ஏணிக் கதவைத் திறந்தால் ஆம்ப்ளிஃபயர் தானே அணைய வேண்டும். டிஷ் மடங்கிய நிலையிலும், குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழேயும் டிரான்ஸ்மிட் ஓடவே கூடாது. ஆம்ப்ளிஃபயரின் சாவி மேலே ஏறுபவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அது இறங்கி வரும்வரை லைவ் காத்திருக்கும். இவற்றைப் படத்தில் பார்த்து டிக் போடுவதில்லை. சக்தியை வெளியே விடாமல் விழுங்கிக்கொள்ளும் டம்மி லோடுக்குத் திருப்பிவிட்டு, ஒவ்வொரு சுவிட்சையும் இழுத்துப் பார்த்து, அணைகிறதா என்று பார்த்த பிறகே எழுதுவேன்.

இப்போது வண்டிக் கூரைகளுக்குத் தட்டைப் பலகை ஆண்டெனாக்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. பலகை அசையாது, உள்ளே கற்றை மட்டும் ஓடும் செயற்கைக்கோளைத் துரத்திக்கொண்டு சாயும். 74 டிகிரி தந்த நிம்மதி அங்கே செல்லாது. கற்றை எங்கெல்லாம் போக முடியுமோ அந்த வெளி முழுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சக்தி குறைவு என்பதால் தூரங்கள் சுருங்கும். ஆனால் கூரை மேல் ஏறும் ஆள் மாறப்போவதில்லை. ஏணிக்கான விதியை அந்த வண்டிகளுக்கும் ஒரு வரி குறையாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.