புடுங்கிப் பார்க்காதீங்க பாஸ்!

"செம்பருத்தி எல்லாம் ஒரு மேட்டரா?" என்று கேட்கிற ஆளா நீங்க? அன்றைய மலாயா 1960-லேயே அதைத் தேசிய மலர் ஆக்கிவிட்டது பாஸ்! நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன். சுரக்குடியில் அப்பாயி வீட்டு வாசல் செம்பருத்தியை மதில் கட்டுவதற்காக வெட்டப் போகிறார்கள் என்று தெரிகிற வரைக்கும்.

அப்பாயி ஒண்ணும் பேசவில்லை. வழக்கம்போல சாமிக்கு நாலு பூ பறித்தார், அவ்வளவுதான். எனக்குத்தான் மனசு கேட்கலை.

விதை எடுக்கலாம் என்று பார்த்தால், செடியில் ஒரு காய்கூட இல்லை. வீட்டுச் செம்பருத்தி பெரும்பாலும் விதை பிடிக்காதாம். போத்து வெட்டி நட்டால்தான் உண்டு. ஆறு போத்து நட்டேன். மூணாம் நாளே 'வேர் வந்துடுச்சா?' என்று புடுங்கிப் பார்த்தேன். அஞ்சாம் நாளும் பார்த்தேன். ஆறும் அவுட்!

"தோண்டித் தோண்டிப் பாத்தா எதுடா மொளைக்கும்?" என்று சிரித்தார் அப்பாயி.

அடுத்த ரவுண்டு உஷார். நீங்களும் குறிச்சுக்கோங்க. பென்சில் கனத்தில், ரொம்ப இளசும் இல்லாமல் ரொம்ப முற்றலும் இல்லாமல் ஒரு கிளை. ஒரு சாண் நீளம் போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்க. வேர் சுலபமாகக் கிளம்புற இடம் கணுதான். மேலே ரெண்டு இலையை விட்டு மற்றதைக் கிள்ளிடுங்க. வேரே இல்லாத குச்சி அதிகம் தண்ணி குடிக்க முடியாது. இலை நிறைய இருந்தால் இருக்கிற ஈரமும் ஆவியாகிடும். மணலும் மக்கின எருவும் கலந்து, ரெண்டு கணு உள்ளே போகிற மாதிரி நடுங்க. அடியை வெட்டின தண்ணி பாட்டிலை மேலே கவிழ்த்து நிழலில் வையுங்க. மண் ஈரமாக இருக்கணும். சொதசொதன்னு இருந்தால் அழுகிடும்.

துளிர் விட்டதும் துள்ளாதீங்க. குச்சியில் சேர்த்து வைத்திருக்கிற சத்திலேயே துளிர் வரும். வேருக்கு ஒண்ணரை மாசமாவது பொறுக்கணும். இன்ஜினீயரிங் பையனுக்கு அரியர் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதைவிடக் கஷ்டமான வேலை!

இந்த முறை எட்டில் மூணு பிழைத்தது. அதற்குள் மதிலும் எழும்பிவிட்டது. ஆனால் ஒரு விஷயம் தெரியுமா? போத்தில் வருவது பழைய செடியின் பிள்ளை இல்லை. அச்சு அசலாக அதே செடி!

போன வாரம் என் தொட்டியில் முதல் பூ. போட்டோ எடுக்க மொபைலைத் தேடி வருவதற்குள் அப்பாயி அதைப் பறித்துச் சாமிக்கு வைத்துவிட்டார்.