யாருன்னே தெரியாதவங்களுக்கு ஒரு வீடு!

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வார்த்தை 'குட்டன் டாக்' இல்லை பாஸ். 'வோனுங்'! வீடு என்று அர்த்தம். வணக்கம் சொல்லத் தெரியாவிட்டால் ஒரு சிரிப்பில் சமாளித்துவிடலாம். வோனுங் இல்லாவிட்டால், நீங்கள் அந்த நாட்டில் இருப்பதையே எந்த ஆபீஸும் ஒப்புக்கொள்ளாது.

எக்ஸ்சேஞ்ச் புரோகிராமில் மூன்றாம் வருடத்தை மட்டும் மியூனிக்கில் படிக்க, 2024 செப்டம்பர் கடைசியில் போய் இறங்கினேன். சீட் ரெடி, விசா ரெடி, பெட்டியில் அம்மா கொடுத்த புளிக்காய்ச்சல் ரெடி. தங்க இடம்தான் இல்லை. மாணவர் விடுதிக்கு மாசக்கணக்காக முன்னாடியே அப்ளை பண்ணியிருந்தேன். 'வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறீர்கள்' என்று அன்பாகப் பதில் வந்தது. அங்கே வெயிட்டிங் லிஸ்ட்டை நாள் கணக்கில் சொல்ல மாட்டார்கள். செமஸ்டர் கணக்கு!

அந்த ஊரில் மாணவர்களுக்கென்றே ஒரு கிராமம் இருக்கிறது தெரியுமா? 1972 ஒலிம்பிக்ஸுக்கு வந்த வீராங்கனைகள் தங்கிய குட்டிக் குட்டி வீடுகள் இருந்த இடம். இப்போது அதே பாணியில் திரும்பக் கட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஸ்டூடன்ட்ஸ்தான் குடியிருக்கிறார்கள். வீட்டு முகப்பில் அவரவர் இஷ்டத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் ஆக்டோபஸ், ஒரு வீட்டில் சார்லி சாப்ளின். நான் அங்கே போய் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

போன நேரமும் அப்படி. 'அக்டோபர்ஃபெஸ்ட்' திருவிழா. பேரில்தான் அக்டோபர்... ஆரம்பிப்பதென்னவோ செப்டம்பரில். உலகம் பூராவும் இருந்து கூட்டம் குவிய, ஹாஸ்டல் கட்டில்களின் ரேட் எகிறிவிட்டது. 12 பேர் படுக்கும் ஹாலில் மேல் கட்டிலில் எனக்கு நாலு ராத்திரி. அதற்கப்புறம், அங்கே மாஸ்டர்ஸ் படிக்கும் ஒரு கோயம்புத்தூர் அக்காவின் அறையில் தரையில் ஒரு மெத்தை. அவங்க அறையே 12 சதுர மீட்டர். நான் எழுந்து மெத்தையை மடித்தால்தான் அவங்க நாற்காலியை நகர்த்த முடியும்!

எங்க திருச்சியில் வீடு தேடுவது சுலபம். சாயங்காலம் உறையூர், தில்லைநகர் பக்கம் டூ-வீலரில் ஒரு ரவுண்டு. கேட்டில் 'டு-லெட்' போர்டு தொங்கும். டீக்கடை அண்ணனிடம் கேட்டால் இன்னும் நாலு வீடு சொல்வார். மியூனிக்கில் நான் சுற்றிய தெருக்களில் ஒரு போர்டு கண்ணில் படவில்லை. எல்லாமே இன்டர்நெட் விளம்பரம். காலையில் வந்தது மத்தியானம் காணாமல் போய்விடும். நான் அனுப்பிய மெயில் 63. பதில் வந்தது 9. நேரில் வரச் சொன்னது 4.

விளம்பரத்தைப் படிப்பதே தனிப் பாடம். 'கால்ட்மீட்ட', 'வார்ம்மீட்ட' என்று இரண்டு வாடகை போட்டிருக்கும். குளிர் வாடகை, சூடு வாடகை! வெறும் இடத்துக்கு மட்டும் என்றால் குளிர். ஹீட்டர், தண்ணீர், குப்பை வரி எல்லாம் சேர்ந்தால் சூடு. பல இடங்களில் கரன்ட் பில்லும் இன்டர்நெட்டும் அதற்கும் மேலே தனி. மாணவர் விசாவுக்காக நான் கணக்கில் காட்டியது மாதம் 992 யூரோ. மியூனிக்கில் ஒரே ஒரு அறைக்கு 700, 800 கேட்பது சர்வ சாதாரணம். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துப் பெருக்கிப் பார்க்காதீர்கள்... சாப்பாடு இறங்காது.

முழு வீடாக எடுத்தால் இன்னொரு கூத்து. நிறைய வீடுகளில் கிச்சன் என்றால் நாலு சுவரும் ஒரு தண்ணீர் பைப்பும்தான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாவற்றையும் முன்னாடி இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். ஆனால் நல்ல விஷயங்களும் உண்டு. அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். வீட்டுக்காரர் அமர்த்திய புரோக்கருக்கு நாம் கமிஷன் தர வேண்டாம். 2015-ல் இருந்து அப்படி. பத்து மாச அட்வான்ஸ் என்று கேட்டே பழகிய காதுக்கு இதெல்லாம் தேனாக இருந்தது.

ஆனால், வீடு கிடைத்தால்தானே சட்டம்?

இங்கேதான் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. குடிபோன இரண்டு வாரத்துக்குள் ஊர் ஆபீஸில் நம் அட்ரஸைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்று பெயர். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு சான்று தேவை. அதன் பெயரை மூச்சு விடாமல் படியுங்கள்: 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. நான் கேட்ட பேங்க்கில் கணக்குத் திறக்க அந்தப் பதிவு வேண்டுமென்றார்கள். என் விசா டிசம்பர் வரைக்கும்தான். அதை நீட்டிக்கவும் அட்ரஸ் வேண்டும். சரி, வீட்டைப் பிடிப்போம் என்று போனால், வீட்டுக்காரர் கேட்பது 'ஷூஃபா'. நம்ம ஊர் சிபில் மாதிரி, கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று சொல்லும் நிறுவனம். 1927-ல் பெர்லினில் ஆரம்பித்தது. அங்கே ஒரு பேங்க் கணக்குகூட இல்லாத என்னைப் பற்றி அது என்ன சொல்லும்? வீடு இல்லாததால் பேப்பர் இல்லை. பேப்பர் இல்லாததால் வீடு இல்லை!

ராத்திரி மெத்தையில் படுத்துக்கொண்டு யோசித்தால், அப்பாவின் குரல்தான் கேட்டது. எங்க வீட்டு மாடி போர்ஷன் ஆறு மாதமாகக் காலி. துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்று ஒடிசா பசங்க வந்து கேட்டபோது, கேட்டைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே அப்பா சொன்னார்: "ஆள் பார்த்தாச்சுப்பா." அவங்க போனதும் அம்மாவிடம், "யாருன்னே தெரியாது. எப்படி விடுறது?" என்றார். அப்போது அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மியூனிக்கில் எனக்கு வந்த ஒன்பது பதில்களும் அதே வாக்கியம்தான். ஜெர்மனில், இன்னும் கொஞ்சம் மரியாதையாக.

நேரில் கூப்பிட்ட நாலில் மூன்று, 'வேகே' எனப்படும் கூட்டு வீடுகள். நாலைந்து பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்வார்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்க, எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து இன்டர்வியூ வைப்பார்கள். அசல் பொண்ணு பார்க்கிற படலம்தான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை! "ஹாபி என்ன?" "பார்ட்டி பிடிக்குமா?" "பாத்ரூம் க்ளீன் பண்ண டைம்டேபிள் போட்டால் ஒத்துக்கொள்வாயா?" எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். 'போய் லெட்டர் போடுறோம்' கதையேதான். லெட்டர் வரவில்லை.

இந்த மாதிரி நேரத்தில்தான் கழுகுகள் வட்டமிடும். ஒரு மெயில். நட்ட நடு ஊரில், பால்கனியோடு வீடு. வெறும் 400 யூரோ. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன். இரண்டு மாத வாடகையை அனுப்புங்கள், சாவியை பார்சலில் அனுப்புகிறேன்.' படித்ததுமே டெலீட். பார்க்காத வீட்டுக்கு ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள் மக்களே. அடுத்து, நண்பரின் நண்பர் ஒருவர்: "100 யூரோ குடு. என் அட்ரஸ்ல பதிஞ்சுக்கோ. நீ எங்க வேணா தங்கிக்கோ." ஆசை காட்டுகிற ஆஃபர்தான். ஆனால் குடியிருக்காத ஒருவருக்குப் பதிவுக்காக அட்ரஸ் கொடுப்பது அங்கே குற்றம். அபராதம் 50,000 யூரோ வரை போகலாம். "வேணாம்ணா" என்று சொல்லிவிட்டு வந்த அன்றைக்குத்தான் முதன்முறையாக ஊருக்கு டிக்கெட் விலை பார்த்தேன்.

காப்பாற்றியது ஒரு நோட்டீஸ். யுனிவர்சிட்டி கேன்டீன் பக்கத்தில் ஒட்டியிருந்தது. 'வோனன் ஃப்யூர் ஹில்ஃப'. உதவிக்கு வீடு. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களையும், இடம் இல்லாத மாணவர்களையும் சேர்த்துவைக்கிற திட்டம். ஜெர்மனியில் பல ஊர்களில் இருக்கிறது. கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேர உதவி. 14 சதுர மீட்டர் அறை என்றால் 14 மணி நேரம். வாடகை கிடையாது, தண்ணீர், ஹீட்டர் செலவு மட்டும். கடைக்குப் போகலாம், தோட்டம் பார்க்கலாம், கம்ப்யூட்டர் சொல்லித் தரலாம். நர்ஸ் வேலை மட்டும் இதில் சேராது.

அந்த ஆபீஸில் ஃபார்ம் நிரப்பிக் கொடுத்து, பத்து நாள் கழித்து ஒரு போன். பாஸிங் பக்கம் ஒரு பழைய வீடு. 84 வயதுப் பாட்டி. நான் கூப்பிட்டது மரியாதையாக 'ஃப்ராவ்' போட்டுத்தான். மனசுக்குள் மட்டும் பாட்டி.

என் ஏ2 லெவல் ஜெர்மனைத் திரட்டிக்கொண்டு, மார்க் ஷீட் முதல் பாஸ்போர்ட் வரை ஒரு ஃபைலோடு போனேன். பாட்டி ஃபைலைத் தொடக்கூட இல்லை. மூன்றே கேள்விகள்.

"ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் போடுவாயா?"

"மாட்டேன்."

"பனி விழுந்தால் காலையில் எழுந்து வாசலைச் சுத்தம் செய்வாயா?"

"செய்வேன்." (பனியையே அதுவரை பார்த்ததில்லை!)

"குளிராக இருந்தாலும் தினமும் ஜன்னலைத் திறந்து வைப்பாயா?"

இது எனக்குப் புரியவே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது. ஹீட்டர் போட்டு மூடியே வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதனால் எவ்வளவு குளிரிலும் தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலை அகலத் திறப்பது அங்கே ஒரு மதம் மாதிரி. "திறப்பேன்" என்றேன். "ஒரு வாரம் வந்து இருந்து பார். நானும் உன்னைப் பார்க்கிறேன்" என்றார்.

அந்த ஒரு வாரம் செமஸ்டர் எக்ஸாமைவிட டென்ஷன். ஏழாம் நாள் காலை, டைனிங் டேபிளில் பேனா ஸ்டாண்டுக்குக் கீழே அந்த நீ...ளப் பெயர் சான்று, கையெழுத்தோடு இருந்தது. ஊர் ஆபீஸில் முத்திரை குத்திய பேப்பரை வீடியோ காலில் காட்டினேன். அம்மா அழுதாங்க. அப்பா, "அட்வான்ஸ் எவ்வளவு?" என்றார். "14 மணி நேரம்" என்றேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. பனி தள்ளிவிட்டு உள்ளே வந்தவளுக்கு டீ கொடுத்துவிட்டு, பாட்டி தானாகப் பேச ஆரம்பித்தார். அவர் மியூனிக்காரரே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கான ஜெர்மன் குடும்பங்கள் துரத்தப்பட்டனவே, அதில் ஒன்று அவருடையது. 1946-ல் ஐந்து வயதுக் குழந்தையாக பவேரியா வந்திருக்கிறார். வந்தவர்களை அங்கங்கே உள்ளூர்க்காரர்கள் வீட்டில் ஓர் அறை கொடுத்துத் தங்க வைத்தது அரசு. இவர்களுக்கு ஒரு விவசாயியின் வீடு. "அதே மொழிதான் பேசினோம். ஆனாலும் எங்களை வெளியாள் என்றுதான் சொன்னார்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்க அம்மா தினமும் அனுமதி கேட்பாள்." கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதனால்தான் உன் பேப்பரைப் பார்க்கவில்லை. எங்களிடமும் பேப்பர் இருக்கவில்லை."

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ம்..." என்றார். நான் மாடி போர்ஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை.

வெளிநாடு போகப்போகிற ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெயிலில் 'அறை வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள், நீங்கள் யார் என்று பத்து வரி அந்த ஊர் மொழியில் எழுதுங்கள். உங்களைத் தெரிந்த ஒருவரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாததுதான் அவர்கள் தயக்கம். அதைக் குறைக்கிற வேலை நம்முடையது. கூடவே இன்னொன்று. நம்ம தெருவில் யாராவது வீடு கேட்டு வந்தால், கேட்டை முழுசாகத் திறந்துவிட்டுப் பேசலாம். 'இல்லை' என்று சொல்வதாக இருந்தாலும்கூட.

2025 ஜூலையில் ஊர் திரும்பினேன். ஒரு மாதம் கழித்து அந்த ஒடிசா பசங்களில் ஒருத்தர் மறுபடி வந்தார். இந்த முறை அப்பா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆதார் ஜெராக்ஸ் வாங்கினார், கம்பெனி சூப்பர்வைசரிடம் போனில் பேசினார். என்னிடம் திரும்பி, "அட்வான்ஸ் எவ்வளவும்மா வாங்கலாம்?" என்றார். 2019-ல் அமலுக்கு வந்த நம்ம தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்திலும் மூன்று மாதக் கணக்குதான் இருக்கு என்றேன். "சரி, மூணு" என்றார்.

அப்புறம் ரொம்ப சீரியஸாக முகத்தை வைத்துக்கொண்டு, தமிழும் அரைகுறை இந்தியும் கலந்து அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேல தண்ணி டேங்க் மூடியைத் தினமும் சரியா மூடுவீங்களா?"