ஹக்கர் என்னும் சொல்: பொருளும் பூசலும்

சொற்கள் பொருள் மாறுவது மொழியின் இயல்பாகும். ஒருகாலத்தில் நறுமணத்தையும் சுட்டிய ‘நாற்றம்’ இன்று தீய மணத்தையே குறிக்கின்றது. கள்ளுண்டு மயங்கும் நிலையைக் குறித்த ‘களிப்பு’ இன்று மகிழ்ச்சி என்னும் பொருளில் வழங்குகின்றது. முன்னதை இழிபொருட்பேறு என்றும் பின்னதை உயர்பொருட்பேறு என்றும் மொழியியலார் வகுப்பர். இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் நெடுங்காலத்தில் ஓசையின்றி நிகழ்வன. ஆனால் ‘ஹக்கர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு வேறானது. அதனைத் தமக்குரிய பெயராகக் கொண்டோர் உயிருடன் இருக்கும்போதே அது பொதுமக்கள் வாயில் பழிச்சொல்லாயிற்று. அவர்களும் வாளாவிருக்கவில்லை. தம் பெயரை மீட்கப் பல்லாண்டுகள் வாதிட்டனர். கணனித் துறையினரின் சொற்பூசலாகத் தோன்றும் இதன் அடியில், அறிவார்வத்துக்கும் அத்துமீறலுக்கும் இடையே எல்லை வகுக்கும் உரிமை எவருக்குரியது என்னும் வினா கிடக்கின்றது.

வெட்டுதல், கொத்துதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த இச்சொல் கணனியோடு உறவு கொண்ட இடம் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனமாகும். அங்கு 1946இல் மாதிரிப் புகையிரதக் கழகமொன்று தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது றேடார் ஆய்வுக்கென 1943இல் அவசரமாக எழுப்பப்பட்ட இருபதாம் இலக்க மரக்கட்டிடத்தில் அக்கழகம் பல்லாண்டுகள் இயங்கியது. மேடையின் மேலே சிறு வண்டிகளும் பாலங்களும் நிலையங்களும் அழகுற அமைந்திருந்தன. கீழே மின்கம்பிகளும் தொலைபேசி இணைப்பகங்களுக்குரிய மின்காந்த ஆளிகளும் பின்னிக் கிடந்தன. உறுப்பினருள் ஒருசாரார் மேலிருந்த காட்சியில் இன்புற்றனர். மறுசாரார் கீழிருந்த பொறிமுறையில் தம்மை மறந்தனர். ‘ஹக்’ என்னும் வினை இப்பின்னவரிடையே செழித்தது. மின்னமைப்பில் ‘ஹக்’ செய்வோர் மின்னோட்டத்தை நிறுத்திவிட்டே அதனைச் செய்தல் வேண்டும் என 1955ஆம் ஆண்டின் கூட்டக் குறிப்பொன்று கேட்டுக்கொள்கின்றது. 1959இல் பீற்றர் சாம்சன் தொகுத்த கழகச் சொற்கோவை, ஆக்கபூர்வமான நோக்கமின்றிச் செய்யப்படும் வேலை என இதற்கொரு பொருள் தருகின்றது. வீரமும் களவும் அப்போது அச்சொல்லில் ஏறவில்லை. செய்வதில் உள்ள இன்பத்துக்காகவே செய்யப்படும் செயல் என்பதே அதன் உட்கிடை.

அக்காலத்துப் பெருங்கணனியை மாணவர்கள் நெருங்குதல் அரிது. துளையிட்ட அட்டைகளை இயக்குநரிடம் கையளித்துவிட்டு விடைக்குக் காத்திருத்தல் வேண்டும். 1958இல் ரி.எக்ஸ்-0 என்ற கணனியும் 1961இல் பி.டி.பி-1 என்ற கணனியும் வந்தபின் இந்நிலை மாறியது. கழக மாணவர்கள் இரவிரவாக அவற்றின்முன் அமர்ந்து, கட்டளைகளைத் தாமே செலுத்தி, விளைவை உடனுக்குடன் கண்டனர். 1962இல் ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் ஆக்கிய விண்வெளிப் போர் விளையாட்டு அந்த இரவுகளின் பயன்களுள் ஒன்று. ஒரு நிரலிலிருந்து ஒரேயொரு கட்டளையைக் குறைக்க முடிந்தாலும் அதை வெற்றியெனக் கொண்டாடிய அவ்விளைஞரிடையே ‘ஹக்கர்’ எனப் பெயர் பெறுதல் பட்டம் பெறுதலிலும் மேலானதாயிற்று. ஸ்டீவன் லெவி 1984இல் வெளியிட்ட நூல் அவர்களைக் கணனிப் புரட்சியின் வீரர்களாகவே போற்றியது.

இவ்வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு, ஆதியில் தூய்மையாயிருந்த சொல்லைப் பத்திரிகைகளே கெடுத்தன என வாதிடுவோர் பலர். இவ்வாதம் முற்றிலும் பொருந்துவதன்று. அதே நிறுவனத்தின் மாணவர் பத்திரிகை 1963 நவம்பரில் வெளியிட்ட செய்தியொன்று ஈண்டு நோக்கற்பாலது. தொலைபேசி ‘ஹக்கர்’களின் செயல்களால் நிறுவனத்தின் தொலைபேசி வசதிகள் சில குறைக்கப்பட்டன என அது கூறியது. ஹாவாட் பல்கலைக்கழகத்துடனான இணைப்புகளை அவர்கள் முடக்கியிருந்தனர். தூர அழைப்புகளுக்கான கட்டணத்தை அயலிலிருந்த றேடார் நிலையமொன்றின் கணக்கில் ஏற்றியிருந்தனர். வெளி இணைப்பைத் தேடிக் கண்டறிய பி.டி.பி-1 கணனியையே பயன்படுத்தியிருந்தனர். விளையாட்டைப் படைத்த பொறியே அத்துமீறலுக்கும் கருவியாயிற்று. ஆகவே நற்பொருளும் தீப்பொருளும் ஒரே முற்றத்தில் ஒருங்கு வளர்ந்தவை என்பதே உண்மைக்கு நெருக்கமான முடிபாகும்.

எனினும் பொதுமக்கள் இச்சொல்லைப் பரவலாகக் கேட்டபோது அவர்களை எட்டியது ஒரு பொருள் மட்டுமே. 1983இல் மில்வோக்கி நகர இளைஞர் சிலர் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடம் உட்படப் பல இடங்களின் கணனிகளுள் நுழைந்தமை அம்பலமாயிற்று. படைத்துறைக் கணனியொன்றுள் அறியாது நுழையும் சிறுவனைப் பற்றிய திரைப்படம் அவ்வாண்டிலேயே அமெரிக்கத் திரைகளில் ஓடியது. நியூஸ்வீக் சஞ்சிகை அவ்விளைஞருள் ஒருவரது படத்தை அட்டையில் இட்டது. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் கூடிய முதலாவது ஹக்கர் மாநாட்டில் 150 பேரளவில் கலந்துகொண்டனர். தம் பெயர் பறிபோவதை அவர்கள் கண்முன்னே கண்டனர். ‘யுனிக்ஸ்’ அமைப்பை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், தமது ரூறிங் விருது உரையில் இவ்விளைஞரைப் பத்திரிகைகள் வீரர்களாக்குவதைக் கண்டித்தார். பிறர் கணனியுள் நுழைதல் அயலான் வீட்டினுள் நுழைவதற்கு ஒப்பான இழிவாகக் கொள்ளப்படல் வேண்டும் என்பதும், கதவு பூட்டப்படாதிருந்தமை நியாயமாகாது என்பதும் அவர் கருத்து. 1985 அளவில் தீயோரைக் குறிக்க ‘கிராக்கர்’ என்னும் தனிச்சொல் முன்வைக்கப்பட்டது. 1993இல் வெளிவந்த இணையப் பயனாளர் சொற்கோவையும் இவ்வேறுபாட்டையே வலியுறுத்தியது. ஆயினும் பொதுவழக்கு அதனை ஏற்கவில்லை. சொல்லின் பொருளை ஆணையிட்டு நிறுத்தல் எவருக்கும் இயலாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சொல் இரண்டாகப் பிரிந்தாலும் மனிதர் அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. 1988 நவம்பர் 2ஆம் நாள் கோணெல் பல்கலைக்கழக மாணவரான றொபேட் மொறிஸ், தானே பரவும் நிரலொன்றை இணையத்தில் விட்டார். தாம் விட்ட இடத்தை மறைக்க மசாசூசெற்ஸ் நிறுவனத்தின் கணனியையே அவர் பயன்படுத்தினார். நிரல் அவர் எண்ணியதிலும் விரைவாகப் பெருகி, சுமார் 6,000 கணனிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. 1986இல் இயற்றப்பட்ட கணனி மோசடிச் சட்டத்தின்கீழ் 1990இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும் 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. பின்னர் அவர் அதே மசாசூசெற்ஸ் நிறுவனத்தில் பேராசிரியரானார். அவரை எச்சொல்லால் அழைப்பது? ஒருவரது திறமை அவரது செயலை மன்னிப்பதில்லை. ஒரு செயல் அவரது வாழ்வு முழுவதையும் அளந்துவிடுவதுமில்லை.

அந்நிறுவனத்தில் ‘ஹக்’ என்பதற்கு வேறொரு வழக்கும் உண்டு. எவர்க்கும் ஊறு விளையாத வகையில், பூட்டிய இடங்களையும் கடந்து சென்று செய்யப்படும் நுட்பமான குறும்பையும் அச்சொல் குறிக்கும். 1994இல் நிறுவனத்தின் பெரிய குவிமாடத்தின் உச்சியில் பொலிஸ் காரொன்று நிற்கக் காணப்பட்டது. மரச்சட்டத்தின்மேல் காரின் வெளிப்பாகங்களைப் பொருத்தி இரவோடிரவாக மாணவர்கள் அதனை அமைத்திருந்தனர். நகைப்பும் பெருமிதமுமே அச்செயலுக்குக் கிடைத்தன. ஆனால் ஆரொன் சுவாற்ஸ் என்னும் இளைஞருக்குக் கிடைத்தது வேறு. நிறுவனத்தின் வலையமைப்பு வழியாக, கணனிக் கம்பிகள் இருந்த சிற்றறையொன்றினுள் மடிக்கணனியை வைத்து, ஆய்விதழ்க் களஞ்சியமொன்றிலிருந்து இலட்சக்கணக்கான கட்டுரைகளை அவர் பிரதி செய்தார். 2011இல் கைதானார். களஞ்சியத்தார் அவருடன் இணக்கம் கண்டனர்; அரச வழக்கோ நின்றபாடில்லை. 2012இல் குற்றச்சாட்டுகள் 13 ஆயின. 2013 ஜனவரியில், வழக்கு விசாரணைக்கு வருமுன்பே, 26 வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நிறுவனம் இவ்வழக்கில் நடுநிலை வகித்தது என அதன் சொந்த அறிக்கையே பின்னர் கூறியது. சுவாற்ஸின் செயல் அனுமதி பெற்றதன்று. குவிமாடத்தின்மேல் ஏறியோரும் அனுமதி பெற்றிலர். ஒன்று மரபெனவும் மற்றையது பெருங்குற்றமெனவும் கொள்ளப்பட்டபோது, இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை ‘ஹக்கர்’ என்னும் ஒற்றைச் சொல் விளக்க வல்லதன்று.

விளக்கவல்லவை வேறு வினாக்கள். நுழைந்தவர் அனுமதி பெற்றாரா? அவர் நாடியது யாது? விளைந்த கேடு எவ்வளவு? இவற்றைத் தனித்தனியே கேளாத சட்டமும் பத்திரிகையும், பூட்டின் குறையைக் கண்டு உரியவர்க்கு அறிவிப்பவனையும் பூட்டை உடைத்துப் பொருள் கவர்பவனையும் ஒரே தட்டில் நிறுக்கின்றன. அமெரிக்க நீதித் திணைக்களம் 2022 மே மாதத்தில், நல்லெண்ணத்துடன் கணனிப் பாதுகாப்பை ஆராய்வோர்மீது மேற்படி சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாகாது எனக் கொள்கை வகுத்தது. அச்சட்டம் இயற்றப்பட்டு 36 ஆண்டுகள் கழிந்தபின்பே இவ்வேறுபாடு இவ்வாறு ஏட்டில் ஏறியது.

‘ஹக்கிங்’ என்பதை ‘ஊடுருவல்’ எனத் தமிழாக்குவோரும் அறிந்தோ அறியாமலோ இவ்வழக்கில் ஒரு பக்கம் சார்ந்துவிடுகின்றனர். இரவிரவாக மேடையின்கீழ்க் கிடந்து கம்பிகளைப் பிணைத்த மாணவனுக்கு அத்தமிழ்ச் சொல்லில் இடமில்லை. அவனைச் சுட்டத் தமிழில் இன்னும் ஒரு சொல் வேண்டியிருக்கின்றது. பிறர் செயலுக்குப் பெயரிடுவோர், பெயரிடுமுன் அச்செயலை அறிதல் கடனாகும். பெயர் முந்தி அறிவு பிந்தினால், இடையில் நசுங்குவது சொல் மட்டுமன்று.