12 கி.மீ... 7 கதைகள்! காதால் பார்க்க ஒரு சாலை: ஸ்ரீவில்லிபுத்தூர் டு ராஜபாளையம்

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தால் போதும், மதுரையிலிருந்து கார்கள் கிளம்பிவிடும். திருமங்கலத்தில் திரும்பி, கிருஷ்ணன்கோவில் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து நிமிடம் நிற்கும். அரை கிலோ பால்கோவா. கார் கண்ணாடி வழியாகவே கோபுரத்துக்கு ஒரு கும்பிடு. அடுத்த அரை மணி நேரத்தில் ராஜபாளையமும் பின்னால் போயிருக்கும். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகள் போனிலிருந்து தலையைத் தூக்கியிருக்கவே மாட்டார்கள்.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் 12 கி.மீ.தான். ஆனால், நிறுத்தி நிதானமாகப் போனால் ஒரு முழு நாளுக்குச் சரக்கு இருக்கிற சாலை இது. கைடு வேண்டாம், டூர் பஸ் வேண்டாம். காரில் ஒரு ஸ்பீக்கர், கையில் ஒரு போன், வீட்டில் ஒரு பெரியவர். இது போதும்.

ஹானா சாலையில் பேசும் போன்

ஹவாயின் மாவி தீவில், ஹானா என்ற சிற்றூருக்குப் போகும் கடற்கரைச் சாலை உலகப் புகழ் பெற்றது. சுமார் 620 வளைவுகள், 59 பாலங்கள். அங்கே போகிறவர்கள் பலர் கைடு வைத்துக்கொள்வதில்லை. ‘ஷாகா கைடு’ போன்ற ஒரு செயலியை இறக்கிக்கொள்கிறார்கள். கார் எங்கே இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ். மூலம் போன் தெரிந்துகொள்ளும். அருவி வருவதற்குச் சற்று முன்னால், ‘வலதுபுறம் பாருங்கள்’ என்று குரல் தானாகவே பேச ஆரம்பிக்கும். கதைகளை முன்பே இறக்கி வைத்துவிடுவதால், சிக்னல் இல்லாத இடத்திலும் குரல் நிற்காது.

நம் ஊரிலும் இந்த யோசனை புதிதல்ல. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2019-ல் ‘ஆடியோ ஒடிகோஸ்’ என்ற ஒலி வழிகாட்டிச் செயலியை, தேர்ந்தெடுத்த தலங்களுக்காக அறிமுகப்படுத்தியது. ஆனால், ஒரு சாலையின் கதையைச் சொல்ல பெரிய செயலி எதுவும் தேவையில்லை. இந்த 12 கி.மீ.க்கு ஒரு குடும்பமே உட்கார்ந்து ஆடியோ டூர் தயாரித்துவிடலாம்.

சொல்லப்போனால், செய்தி ஒலியாக ஓடிய கதை இந்தச் சாலைக்கு ஏற்கெனவே உண்டு. அதற்குக் கொஞ்சம் பிறகு வருவோம். முதலில் வண்டியைக் கோபுரத்தடியில் நிறுத்துங்கள்.

கதை 1: பதினொரு நிலை கோபுரம்

வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலைகள் கொண்டது. உயரம் சுமார் 192 அடி. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்பது பரவலான நம்பிக்கை. அது மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. காரில் இரண்டு கட்சி பிரித்து விவாதிக்க நல்ல தலைப்பு!

108 திவ்ய தேசங்களில் ஒன்று இந்த ஊர். 12 ஆழ்வார்களில் பெரியாழ்வார், ஆண்டாள் இருவரின் ஊரும் இதுதான். ஆண்டாள் சந்நிதியில் தாயாரின் கையில் இருக்கும் கிளியைப் பார்க்கத் தவறாதீர்கள். அது பொம்மைக் கிளி இல்லை. ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம்பூ அலகாகும், மரவள்ளி இலை உடலாகும். இன்று பார்க்கும் கிளி நாளைக்கு இருக்காது.

இங்கே ஒலிக்கவேண்டியது எது என்று சொல்லவே வேண்டாம், திருப்பாவைதான். 30 பாசுரங்களுக்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தார். எம்.எல்.வசந்தகுமாரியின் குரலில் அவை வீடுதோறும் போய்ச் சேர்ந்தன. முதல் பாசுரத்தின் நாட்டை ராகத்தைக் கோபுரத்தைப் பார்த்தபடியே ஒருமுறை கேளுங்கள்.

கதை 2: விறகடுப்பும் பால்கோவாவும்

2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும்தான் மொத்தச் சேர்மானம். மீதியெல்லாம் தீயின் பக்குவமும் கைவலியும்தான். பெரிய இரும்புச் சட்டியில், விறகடுப்பில், அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

கடைக்காரர் அனுமதித்தால் அடுப்படிச் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பால் கொதிக்கும்போது கேட்கும் ஓசை வேறு. இறுகி வரும்போது கரண்டி சட்டியைச் சுரண்டும் ஓசை வேறு. வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறக்கும்போது இதைப் போட்டுக்காட்டினால், ஒவ்வொரு கரண்டிக்கும் பின்னால் இருக்கும் உழைப்பு பிள்ளைகளுக்குப் புரியும்.

கதை 3: மதுரை வரை கேட்ட முரசு

ஊரைவிட்டு ராஜபாளையம் பக்கம் திரும்பினால் மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் வரும். வண்டியை நிறுத்துங்கள். இந்தச் சாலையின் ‘ஆடியோ’ கதை இங்கேதான் இருக்கிறது.

17-ம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரை வயிற்றுவலி வாட்டியதாம். இந்தத் தலத்து இறைவன் அருளால் குணமானதும், இங்கே பூஜை முடிந்த பிறகுதான் உணவருந்துவேன் என்று அவர் முடிவு செய்தார் என்கிறது தலவரலாறு. மதுரையில் இருக்கும் மன்னருக்கு இங்கே பூஜை முடிந்தது எப்படித் தெரியும்? வழிநெடுக மண்டபங்கள் எழுப்பி முரசு வைத்தார்கள். இங்கே முழங்கினால் அடுத்த மண்டபத்தில் கேட்கும். அங்கே முழங்கினால் அதற்கடுத்த மண்டபத்தில் கேட்கும். ஆண்டாள் கோயில் பூஜையையும் மணியோசையையும் வைத்து இதே கதையைச் சொல்கிறவர்களும் உண்டு.

கதையை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். இங்கிருந்து மதுரை சுமார் 75 கி.மீ. ஒலி மட்டும் ஓடினால் நான்கு நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு மண்டபத்திலும் கேட்டு, கோலை எடுத்து, அடிக்கிற நேரத்தைச் சேர்த்தாலும் குதிரை வீரன் தோற்றுவிடுவான். ஆனால், நடுவில் ஒரே ஒரு ஆள் அசந்துவிட்டால் செய்தி அங்கேயே நின்றுவிடும். மன்னர் பட்டினி!

கதை 4: மலையோரத்து நரை அணில்

ஊர் தாண்டியதும் வலதுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வர ஆரம்பிக்கும். இதன் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே இருக்கிறது செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலை அணில்களுக்காக 1988-ல் இந்த மலைப்பகுதியில் சுமார் 485 சதுர கி.மீ. சரணாலயமானது. 2021-ல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. பரப்பு 1,016 சதுர கி.மீ.க்கும் மேல்.

இந்த அணில் நம் வீட்டுத் தோட்டத்து அணில் மாதிரி இல்லை. உடல் அளவுக்கு வாலும் நீளம். ஓடையோரத்து மரங்களின் உச்சியில் கூடு கட்டி, கிளைவிட்டுக் கிளை தாவியே வாழும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிறது. மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை. நடுவில் நாலு மரம் போனால் அதன் சாலை துண்டிக்கப்பட்டுவிடும்.

காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி அவசியம். அங்கே ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். காட்டுக்கென்று தனி ஆடியோ டூர் உண்டு.

கதை 5: மாந்தோப்பு வாசனை

ராஜபாளையம் நெருங்க நெருங்க தென்னையும் மாவும் கூடும். சேலம் மாம்பழம் தெரிந்த அளவுக்கு ராஜபாளையத்து சப்பட்டை வெளியூரில் தெரியாது. தெரிந்தவர்கள் சீசனுக்குக் காத்திருந்து வாங்குவார்கள். பஞ்சவர்ணம் என்ற ரகமும் இந்தப் பக்கம் பிரபலம். கோடையில் போனால் ரோட்டோரக் கூடையில் விலை கேட்டு, அந்த வியாபாரியிடமே, ‘நல்ல சப்பட்டையை எப்படிக்கா பார்த்து எடுக்கிறது?’ என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

கதை 6: ஆலைச் சங்கும் தறிச் சத்தமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மணியோசைக்கு எழுந்த ஊர் என்றால், ராஜபாளையம் ஆலைச் சங்குக்கு எழுந்த ஊர். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், ஊரின் போக்கையே மாற்றியது. பஞ்சு நூலானது. நூல் பக்கத்து ஊர்த் தறிகளுக்கு வேலை கொடுத்தது.

ராஜபாளையம் அருகே உள்ள சத்திரப்பட்டியில் நெய்வது பட்டுமில்லை, வேட்டியுமில்லை, மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. எங்கோ ஒரு வார்டில், யாருக்கோ போடும் கட்டு இந்த ஊர்த் தறியில் ஓடியதாக இருக்கலாம். தெருவுக்குள் நுழையும் முன்பே தறிச் சத்தம் வரவேற்கும். 20 விநாடி பதிவு செய்தாலே போதும், ஊரை அடையாளம் சொல்லிவிடலாம்.

கதை 7: வீட்டைக் கொடுத்த முதல்வர்

1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர். பிறகு ஒடிசாவின் ஆளுநராகவும் இருந்தார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காகக் கொடுத்துவிட்டார். அரசியல்வாதி சேர்த்த கதைகளை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகள் காதில், கொடுத்த கதையும் ஒன்று விழட்டும்.

கூடவே, ஊர்ப்பெயரைத் தாங்கிய நாயையும் விட்டுவிட முடியாது. வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, காவலுக்குப் பேர்போன இனம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாட்டு நாய் இனங்களின் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று.

ஏன் இப்போதே செய்யவேண்டும்?

திருமங்கலம் - ராஜபாளையம் பாதைக்கு நான்குவழிச் சாலைத் திட்டம் உண்டு. புதிய சாலை ஊர்களுக்கு வெளியே ஒதுங்கிப் போகும். நெரிசலில் தவிக்கும் மக்களுக்கு இது நல்ல செய்தி. ஆம்புலன்ஸ் சீக்கிரம் போகும், விபத்து குறையும். ஆனால், பால்கோவாவுக்காகவாவது நின்ற கார்கள் அப்புறம் நிற்குமா? கடைக்காரருக்கு இது வியாபாரக் கவலை. ஊருக்கு, கேட்க ஆள் இல்லாமல் போகிற கவலை. கேட்க ஆள் இல்லாத கதையைப் பெரியவர்களும் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

அதனால் வீட்டில் இந்த ஊர்ப்பக்கத்துத் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்கள்தான் உங்கள் முதல் கைடு. மில்லில் ஷிப்ட் பார்த்தவர், ஆடிப்பூரத் தேர் இழுத்தவர், மீட்டர்கேஜ் ரயிலில் விருதுநகர் போய்வந்தவர் என்று யாராக இருந்தாலும் சரி. ‘தாத்தா, இந்த இடத்துல அப்ப என்ன இருந்துச்சு?’ என்ற ஒரு கேள்வி போதும்.

ஆடியோ டூர் தயாரிப்பது எப்படி?

* ஒரு கதை இரண்டு நிமிடத்தைத் தாண்டவேண்டாம். 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் இரண்டு நிமிடத்தில் ஒன்றே கால் கி.மீ.க்கு மேல் போய்விடும். இடம் வருவதற்கு முன்பே கதையைத் தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

* ஒவ்வொரு கதையையும் தனி ஃபைலாக வைத்து, இடத்தின் பெயரையும் வரிசை எண்ணையும் கொடுங்கள். வாய்ஸ் மெசேஜாக வந்ததைக்கூட சேமித்துக்கொள்ளலாம்.

* எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே போனில் இறக்கிவிடுங்கள். மலையடிவாரத்தில் சிக்னலை நம்பமுடியாது.

* போன் பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில்தான் இருக்கவேண்டும். ஓட்டுபவர் கையில் போன் பிடிப்பது சட்டப்படி குற்றம். அவருக்கு ஹெட்போனும் வேண்டாம். பின்னால் வரும் ஹாரன் கேட்கவேண்டும்.

* வெளியாட்களின் குரலைப் பதிவு செய்யும் முன், ‘ஐயா, நீங்க சொல்றதை ரெக்கார்டு பண்ணிக்கலாமா?’ என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

* இரண்டு கதைகளுக்கு நடுவே கொஞ்சம் அமைதி இருக்கட்டும். பேச்சு நின்றால்தான் காருக்குள் கேள்விகள் வரும்.

எப்போது போகலாம்?

மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் அதன் முகத்தில் விழும். பச்சை பளிச்சென்று தெரிவது அப்போதுதான். மதியம் கோயில்களில் நடை சாத்தியிருக்கும் என்பதால், காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கி மாலையில் ராஜபாளையத்தில் முடிப்பது வசதி. ஆடிப்பூரத் தேரோட்ட நாளில் கூட்டம் அலைமோதும். அன்று காரைவிட ரயில் நல்லது. விருதுநகர் - தென்காசி பாதையில் இரண்டு ஊர்களிலுமே ஸ்டேஷன் உண்டு. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் வருகிறது.

நேரம் இருந்தால் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் பக்கமும் போகலாம். மழைக்காலத்தில் ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வரும் என்பதால், அங்கே விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

திரும்பும்போது ஏழு ஃபைல்களோடு வழியில் பதிவு செய்தவற்றையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த சாரல் சீசனில் குற்றாலம் கிளம்பும் சொந்தக்காரர்களுக்கு அதை அனுப்பிவைத்தால், அவர்கள் கார் இந்த 12 கி.மீ.யில் இரண்டு இடத்திலாவது கூடுதலாக நிற்கும்.