சைகோனில் ஓர் இரவுணவு

உண்பது ஒன்று; உடன் உண்பது மற்றொன்று. முன்னது பசியின் பாற்பட்டது. பின்னது பண்பின் பாற்பட்டது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளார். அதில் விருந்து கொடுப்பவரின் கடமையே பெரிதும் பேசப்படுகிறது. விருந்தாகச் செல்பவர்க்கும் ஒரு கடமை உண்டென்பதை வியட்நாம் நாட்டுச் சைகோன் நகரில் ஒரு மாலைப்பொழுது எனக்கு உணர்த்தியது. அன்று நாங்கள் செய்ய வேண்டியிருந்தது மிகச் சிறிய செயல்: இரவுணவுக்கு ஓர் உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது.

சைகோன் என்னும் பெயர் காரைக்கால், புதுச்சேரி, நாகூர் வட்டாரக் குடும்பங்களுக்குப் புதியதன்று. இந்தோசீனாவைப் பிரெஞ்சியர் ஆண்ட காலத்தில் புதுச்சேரித் தமிழர் அரசு அலுவலராகவும் படைவீரராகவும் அங்குச் சென்றனர். நகரத்தார் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடைகள் வைத்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசல் நகரின் நடுவே தொங் து தெருவில் இன்றும் தொழுகை குன்றாது விளங்குகிறது. அதே நகரில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் உண்டு. 1975இல் போர் முடிந்தபின் தமிழருள் பெரும்பாலோர் வெளியேறினர். 1976இல் நகரின் பெயரும் ஹோ சி மின் நகரம் என மாறியது. எனினும் நம் பக்கத்து முதியவர்களின் நாவில் அது சைகோனாகவே நிலைத்துவிட்டது.

என் உம்மாவின் தமையனார் 1948இல் அந்நகரில் பிறந்தவர். பாட்டனாரின் துணிக்கடை அங்கிருந்தது. கடைக்கு அடுத்த வீட்டில் வியட்நாமியத் தையற்காரர் ஒருவர் குடியிருந்தார். எங்கள் கடையில் துணி எடுப்போர் அவரிடமே தைக்கக் கொடுப்பது வழக்கம். 1976இல் எங்கள் குடும்பம் ஊர் திரும்பியபோது அத்தையற்காரரின் மகள் பத்து வயதுச் சிறுமி. ஊருக்கு வந்த மாமா இங்கும் ஒரு கடை வைத்து, மக்களைப் படிக்க வைத்து, வாழ்க்கையை ஒழுங்குற நடத்தினார். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்யும் நாள்களில் மட்டும், "இந்நேரம் ஒரு கிண்ணம் ஃபோ கிடைச்சா எப்படி இருக்கும்!" என்று பெருமூச்செறிவார். 2018இல், தம் எழுபதாம் வயதில், பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவர் விரும்பியபோது துணையாக நான் சென்றேன்.

ஃபோ என்பது அரிசி மாவினாலாகிய பட்டைச் சேவை மிதக்கும் மாட்டிறைச்சிச் சாறு. எலும்பை மணிக்கணக்கில் மெல்லத் தீயில் வேகவைத்து, சுட்ட இஞ்சியும் வெங்காயமும் பட்டையும் கிராம்பும் அன்னாசிப்பூவும் இட்டு இறக்குவர். வடவியட்நாமில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய உணவு இது. 1954இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து பல இலட்சம் மக்கள் தெற்கே பெயர்ந்தனர். அவர்களோடு ஃபோவும் சைகோனில் பரவி, முளைப்பயறும் துளசியினப் பச்சிலைகளும் எலுமிச்சைத் துண்டும் சேர்ந்து தென்னாட்டுக் கோலம் பூண்டது. நம் வீட்டுப் பிரியாணியில் மணக்கும் அன்னாசிப்பூ, நம் நாடு வியட்நாமிடமிருந்து பெருமளவில் வாங்கும் பொருள். அந்தச் சாற்றின் ஆவி முகத்தில் படுகையில் ஊர்க் கல்யாண வீட்டு வாசலில் நிற்பது போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் ஹலால் பேணுவோர்க்கு அந்நாட்டில் உணவகம் தேர்வது எளிதன்று. பன்றி இறைச்சி அங்கே அன்றாட உணவு. இறைச்சியைக் குறிக்கும் 'தித்' என்னும் சொல் அடைமொழி இன்றித் தனித்து வந்தால் பெரும்பாலும் பன்றியையே சுட்டும். அதனைத் தெற்கில் 'ஹெயோ' என்பர். வடக்கில் வேறு சொல். மாட்டிறைச்சியின் பெயர் தாங்கிய 'புன் போ ஹுவே' என்னும் உணவில் பன்றிக்காலும் உறைந்த குருதித் துண்டும் கிடக்கும். பெயரை மட்டும் படித்து அமர்ந்துவிட இயலாது. கோழிக்கும் மீனுக்கும் உரிய சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'கா'தான். முதலெழுத்தின் ஒலிப்பாலும், குரல் தாழ்வதா உயர்வதா என்பதாலும் அவர்கள் வேறுபடுத்துவர். வல்லின எழுத்தொன்றே இடத்துக்கேற்ப ஒலி மாறும் எனப் பாடம் நடத்தும் எனக்கு, அப்பாடம் உணவுத் தட்டிலேயே வந்து நின்றது.

மாமா முன்னமே விசாரித்து வைத்திருந்தார். சாம் இனத்து முஸ்லிம்கள் நடத்தும் சிறிய கடையொன்றில் ஹலால் ஃபோ கிடைக்கும் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். வியட்நாமின் பழங்குடிகளான சாம் மக்களுள் இஸ்லாத்தைத் தழுவியோர் ஆன் சாங் மாநிலத்திலும் இந்நகரிலும் வாழ்கின்றனர். இனிப்பைக் கடைசியில் உண்ணும் குழந்தையைப் போல, மாமா அந்தக் கிண்ணத்தை எங்கள் கடைசி இரவுக்கென ஒதுக்கி வைத்தார்.

அந்தக் கடைசி நாள் காலையில்தான் தையற்காரரின் மகள் எங்களைத் தேடி வந்தார். ஐம்பதைக் கடந்த அம்மையார், மாமாவைக் கண்டதும் 'சூ' என்று அழைத்தார். சிற்றப்பன் முறையைக் குறிக்கும் சொல் அது. அயலாரையும் முறை சொல்லி அழைக்கும் வழக்கம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. மாமா மறுமொழியாக 'கோன்' என்றார். பிள்ளை என்று பொருளாம். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சொல் அவர் நாவில் பிசகவில்லை. அன்றிரவு தம்மோடு உண்டே தீர வேண்டும் என்று அம்மையார் பிடிவாதமாக நின்றார். மறுநாள் விடியலில் எங்கள் விமானம்.

எங்கே உண்பது? பள்ளிவாசலை அடுத்த தெருக்களில் இந்திய, மலாய் உணவகங்கள் உண்டு. அவற்றைச் சொன்னபோது, "அதை நீங்கள் ஊரிலேயே உண்ணலாமே" என்று அம்மையார் சிரித்தார். சாம் முஸ்லிம் கடையைச் சொன்னோம். உடனே ஒப்புக்கொண்டார். தாம் அன்று தேநீர் மட்டும் பருகிக்கொள்வதாகவும் சொன்னார். காரணத்தை மாமா மெல்லக் கேட்டறிந்தார். அன்று சந்திரக் கணக்கில் பதினைந்தாம் நாள். திங்கள்தோறும் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர் பலர் அங்கே ஊன் தவிர்ப்பர். அதனை 'சாய்' என்பர். தந்தையார் இறந்த நாள் முதல் அம்மையார் அதனை ஒருமுறையும் தவறவிட்டதில்லை.

மாமாவும் அன்று நோன்பு நோற்றிருந்தார். மாதந்தோறும் நிலவு நிறையும் மூன்று நாள்களில் நோற்கும் அய்யாமுல் பீழ் நோன்பு அது. உபரி நோன்பாதலின் பயணத்தில் விட்டுவிடலாம் என்று நான் கூறியும் அவர் விடவில்லை. ஒரே நிலவின் கீழ், ஒருவர் நோன்பிலும் மற்றவர் விரதத்திலும் இருந்தனர். நமக்கு ஆகுமான உணவு அவர்க்கு அன்று ஆகாது. அவர் வழக்கமாக உண்ணும் கடை நமக்கு என்றும் ஆகாது.

மாமா சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் என் பக்கம் திரும்பி, "தம்பி, சாய் கடைக்கே போவோம்" என்றார்.

"ஃபோவுக்காகத்தானே மாமா இவ்வளவு தூரம் வந்தீங்க? அவங்கதான் தேநீர் குடிச்சுக்கிறேன்னு மனசாரச் சொல்றாங்களே" என்றேன்.

"கூப்பிட்ட பிள்ளையைச் சும்மா உட்கார வச்சுட்டு அது முன்னாடி நான் இறைச்சி தின்னா, அது எனக்குச் செமிக்காது. இவ அப்பா எங்களை விட்டுட்டு ஒரு நாள் சாப்பிட்டதில்லை" என்றார் மாமா. அதற்கு மேல் நான் பேசவில்லை.

மஃரிப் வேளையில் பள்ளிவாசலில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு மாமா நோன்பு திறந்தார். தொழுது வெளியே வந்தபோது அம்மையார் வாயிலருகே காத்திருந்தார். அவர் அழைத்துச் சென்றது தெருவோரத்துச் சிறிய சைவக் கடை. நிறைமதி நாளாதலின் கூட்டம் மிகுதி. சமையலில் மது எதுவும் சேர்வதில்லை என்பதை எங்களுக்காக அவரே உள்ளே சென்று கேட்டு வந்தார். நாங்கள் கேட்க எண்ணிய கேள்வி; கேட்கத் தயங்கிய கேள்வியும் அதுவே.

முதலில் வந்தது 'பான் சேயோ'. மஞ்சள் கலந்த அரிசி மாவில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட, நம் தோசையை ஒத்த பண்டம். மாவு சட்டியில் விழும் ஓசையே அதன் பெயராயிற்று. ஒலிக்குறிப்புச் சொற்கள் நிறைந்த தமிழை உடையோர்க்கு இது எளிதில் விளங்கும். உள்ளே காளானும் முளைப்பயறும் இருந்தன. கீரையிலையில் சுருட்டித் தொட்டு உண்ண வேண்டும். அங்கே எதற்கும் தொட்டுக்கொள்ளும் மீன்சாறு அன்று இல்லை; உப்பும் புளிப்பும் இனிப்பும் கலந்த சைவச் சாறு வைத்தனர். அடுத்து வந்த குழம்பின் பெயர் 'கா ரி'. நம் கறி என்னும் சொல்தான் ஐரோப்பியர் வாய்வழிச் சென்று அங்கே குடியேறியிருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் எலுமிச்சைப்புல்லும் தேங்காய்ப்பாலும் கலந்த அக்குழம்பை, பிரெஞ்சியர் விட்டுச்சென்ற நீண்ட ரொட்டியோடு உண்டோம்.

இறுதியில், நாங்கள் சொல்லாமலே, மாமாவின் முன்னே ஒரு கிண்ணம் ஃபோ வந்தது. முள்ளங்கியும் காளானும் கொதித்த சாறு. வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. பட்டையும் அன்னாசிப்பூவும் மட்டும் பழைய மணத்தோடு இருந்தன. "சூ மழைக்காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதைத்தான் கேட்பார் என்று அப்பா சொல்லுவார்" என்றார் அம்மையார். மாமா பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு கரண்டி பருகினார். சுவையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. கிண்ணத்தின் அடிவரை பருகினார்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை பல நாடுகளுக்குச் செல்வீர்கள். ஹலாலைப் பேணுங்கள், அதில் நாணம் வேண்டா. அழைத்தவரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் நம் விதியைச் சொல்லும் அதே வாயால் அவர் விதியையும் கேளுங்கள். இரண்டு விதிகளும் மீறப்படாமல் இருவரும் ஒரே சட்டியிலிருந்து உண்ணத்தக்க இடம் பெரும்பாலும் எங்கேனும் இருக்கும். அது நாம் ஆசைப்பட்ட இடமாக இராது. விருந்தினனாகச் செல்பவன் விட்டுக்கொடுக்க வேண்டியது தன் ஆசையை மட்டுமே; தன் மார்க்கத்தை அன்று.

2021இல் மாமா இறையடி சேர்ந்தார். அந்த மாட்டிறைச்சி ஃபோவை அவர் பின்னர் உண்ணவே இல்லை. ஊர் திரும்பிய பிறகு அடைமழை நாள்களில் அவர் அதைப் பற்றிப் பேசியதுமில்லை. தையற்காரரின் மகளிடமிருந்து மடல் வந்ததா என்றுதான் கேட்பார்.